மூன்றாவது ஸ்க்ரூ

சிவப்பிரகாசம் சாருக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். மாதம் ஒரு முறை அவருடைய வாயைத் திறந்து, தூசி தட்டி, மறுபடி மூடி வைக்கிறவள் நான்தான். வாய் என்று நான் சொல்வது அவர் முகத்தில் இருப்பதை அல்ல. அது பக்கவாதம் வந்த அன்றே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டது. அவருடைய நிஜமான வாய் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் சூட்கேஸ் அளவுக்கு நிற்கிற கம்ப்யூட்டர். எங்கள் கம்பெனி தயாரிப்பு. ஊரில் அதைப் பேச்சுப்பெட்டி என்கிறார்கள்.

தலையில் ஒட்டிய பட்டை, மனசில் எழுகிற வார்த்தையைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்பும். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிப், அதைப் பேச்சாக மாற்றும். சாதாரணக் கம்ப்யூட்டர் சிப் இதற்குத் தாங்காது; இது ஒர்க்ஸ்டேஷன் என்கிற பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் போடுகிற ரகம். ஒரு மனிதரோடு பழகிப் பழகித்தான் அது பேசக் கற்கிறது என்பதால், அது உட்காருகிற சர்க்யூட் பலகை கெட்டாலும் சிப்பை விட முடியாது. ஆகவே ஈயத்தால் பற்ற வைக்காமல், பலகையில் இருக்கிற சாக்கெட்டில் உட்கார வைத்து, மூன்று ஸ்க்ரூவால் அழுத்தியிருப்பார்கள். சாக்கெட் முழுக்க ஆயிரக்கணக்கில் பின்கள், முடியைவிட மெல்லியவை. அவை சிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை பேச்சு உண்டு.

அண்ணா நகரில் அவர் வீட்டுக்குப் போனால் மங்கை மேடம் காபி கொடுக்காமல் விடமாட்டார். "சுடர்விழி எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று எதிர் ஃபிளாட்டில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு நாள் கேட்டேன். நல்லவர். அவரை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அவர் கணவரை நினைத்தால் அப்படி எதுவும் இருக்காது.

என் அண்ணன் பரிதிக்கும் ஒரு பேச்சுப்பெட்டி இருந்தது. வண்டலூர் பாலத்தில் பைக்கோடு விழுந்து தலையில் அடிபட்டதில் கண்ணைத் தவிர எதுவும் அசையவில்லை. வலி மட்டும் எல்லா இடத்திலும் மிச்சம் இருந்தது. பெட்டி வந்த அன்று அவன் பேசிய முதல் வார்த்தை "காபி." அம்மா கொண்டு வந்து ஊட்டியதும் அடுத்த வார்த்தை, "தண்ணி." குடிக்கத் தண்ணீர் கேட்கிறான் என்று அம்மா ஓடினாள். "இல்லம்மா, காபியைச் சொன்னேன்" என்றான். அம்மா அழுதுகொண்டே சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா, அதாவது செண்பகம், இயந்திரங்களுக்குப் பொட்டு வைக்கிறவள். அப்பா போன பிறகு தன் நெற்றியில் வைக்கிறதை நிறுத்திவிட்டு, அந்தக் குங்குமத்தையும் சேர்த்துக் கிரைண்டருக்கும் தையல் மெஷினுக்கும் என் சைக்கிளுக்கும் வைத்தாள். ஆயுதபூஜை வந்தது. பேச்சுப்பெட்டிக்கும் வைக்கப் போனாள். "என் வாயில குங்குமத்தைக் கொட்டாதம்மா" என்று பரிதி கத்தினான். சரியென்று பெட்டியை விட்டுவிட்டு, பீரோவிலிருந்த மூடியை எடுத்தாள்.

அந்த மூடி, காலி சாக்கெட்டைப் பாதுகாக்கிற கறுப்பு பிளாஸ்டிக் துண்டு. சிப்பைப் பொருத்தினதும் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பலகையை ரிப்பேருக்கு அனுப்பும்போது சாக்கெட்டின் மேல் அதை மாட்டித்தான் அனுப்ப வேண்டும். மூடி இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது. அம்மா அந்த மூடிக்குச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, கும்பிட்டு, பீரோவிலேயே திரும்ப வைத்தாள்.

கொஞ்ச மாதத்தில் பெட்டி வார்த்தைகளை விழுங்க ஆரம்பித்தது. அப்புறம் ஒரேயடியாக ஊமையாகிவிட்டது. கம்பெனி ஆள் வந்து பலகையைக் கழற்றி, மூடியை மாட்டி எடுத்துப் போனார். பிறகு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வாரண்டிப் பிரிவின் தலைவரே எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். சிவப்பிரகாசம் சார்தான். அப்போது அவர் முகம் நேராக இருந்தது. குரலில் அப்படி ஒரு குழைவு.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பின்னுக்கு நடுவுல குங்குமம் கிடக்கு. நீங்க வச்ச பொட்டுதான். மெஷினுக்குப் பொட்டு வைக்கலாமா?"

அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். "தெரியாமப் பண்ணிட்டேன் சார். மன்னிச்சிருங்க."

அத்தோடு வாரண்டி போயிற்று. புதுப் பெட்டி வாங்க எங்களுக்கு ஏழு ஜென்மம் வேண்டும். பரிதி ஊமையாகவே படுத்திருந்தான். ஒரு வாரம் கண்ணை உருட்டி உருட்டிக் காட்டினான். கொசு கடிக்கிறது என்று நினைத்து அம்மா கொசுவத்தி ஏற்றி வைத்தாள். அவனுக்குக் குடல்வால் வீங்கி, உள்ளேயே வெடித்திருந்தது. வயிறு வலிக்கிறது என்ற இரண்டே வார்த்தையைச் சொல்ல முடியாமல் என் அண்ணன் செத்தான்.

"என் கையாலயே அவன் வாயை அடைச்சுட்டேன்" என்று அம்மா அதன் பிறகு அடிக்கடி சொன்னாள். குங்குமச் சிமிழைத் தெருக்குப்பையில் போட்டாள். எங்கள் வீட்டில் ஆயுதபூஜை நின்றது. யார் வீட்டு விசேஷத்துக்கும் போகமாட்டாள்.

நான் படிப்பை முடித்து அதே கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தேன். ஏன் இந்த வேலை என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். சேவை மனப்பான்மை என்றேன். சேர்ந்த புதிதிலேயே தெரிந்துவிட்டது. பழைய சாக்கெட்டுகளில் பின்கள் சூட்டில் தளர்ந்து படுத்துவிடும். அதனால்தான் பிற்பாடு சத்தமில்லாமல் டிசைனை மாற்றினார்கள். சர்வீஸில் எல்லாருக்கும் தெரியும். ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்ற" என்றாள். எத்தனை தடவை சொன்னாலும் அதே பதில். நான் அவள் மகள், அவளுக்காகப் பொய் சொல்லக்கூடியவள். சொன்ன வாயே அதை மாற்றிச் சொன்னால்தான் அவள் நம்புவாள். அந்த வாய் அப்போது கம்பெனியின் மேல்மாடியில், நான் தொட முடியாத உயரத்தில் இருந்தது.

வழி காட்டியது என் கூட வேலை பார்க்கிற ஃபுளோரா. கேன்டீனில் டீ குடிக்கும்போது சொன்னாள். "மூணாவது ஸ்க்ரூவ மட்டும் மறந்துடாதடி. நான் ஒரு வாட்டி மறந்துட்டேன். ரிட்டயர்டு ஹெச்.எம். அம்மா ஒருத்தங்க. ஆன் பண்ணதும் மருமகளைப் பாத்து, 'உன் மூஞ்சியப் பாத்தா சோறு எறங்க மாட்டேங்குது'ன்னுட்டாங்க."

"பெட்டி தப்பாப் பேசிடுச்சா?"

"கரெக்டா பேசுச்சு, அதான் பிரச்சினையே. மனசுல ஒரு வார்த்தை எழும்போது, இதச் சொல்லாதன்னு கூடவே ஒரு தடையும் எழும்ல? சிப் ரெண்டையும் கேக்கும். தடை வந்தா பேசாது. அதைத்தான் நாம பிரேக்குன்னு சொல்றது. அந்த பிரேக் வர்ற பின்னெல்லாம் மூணாவது ஸ்க்ரூ மூலையில இருக்கு. அது லூசா இருந்தா, மனசுல இருக்கறது அப்படியே கொட்டும்."

"அந்த மருமக?"

"தனிக்குடித்தனம் போயிட்டா. ஜம்முனு இருக்கா."

நானும் சிரித்தேன். அன்றிலிருந்து காத்திருந்தேன். சார் ஓய்வு பெற்றார், படுத்தார், கம்பெனி மரியாதையோடு அவருக்கு ஒரு பெட்டி கொடுத்தது. அண்ணா நகர் ஏரியாவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்த வருஷம் ஆயுதபூஜை அன்று மங்கை மேடம் கொலுவுக்குக் கூப்பிட்டார். "அம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வா." யார் வீடு என்று அம்மா கேட்டாள். உடம்புக்கு முடியாத ஒரு பெரியவர் வீடு, எனக்காக ஒரு தடவை வா என்றேன். முகம் சுளித்துக்கொண்டே வந்தாள்.

ஹாலில் கொலுப்படி, சுண்டல் வாசனை, எதிர் ஃபிளாட் புவனா ஆன்ட்டியும் அவர் நாத்தனாரும். கோணிய முகத்தோடு, தாடியோடு சக்கர நாற்காலியில் இருந்தவரை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பெட்டி பேசியது.

"வாங்கம்மா. சுடரோட அம்மாவா? பொண்ண நல்லா வளத்திருக்கீங்க."

அவருடைய பழைய மீட்டிங் பேச்சுகளிலிருந்து எடுத்துச் செய்த குரல். அதே குழைவு. அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன.

"இது அந்தாளு குரல்டி."

"ஆமாம்மா."

"எழுந்திரு. போயிடலாம்."

"கொஞ்சம் இரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கற. அவர் சொன்னா நம்புவல்ல?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பயம்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள்.

"மேடம், பண்டிகை நாளு, பெட்டியை ஒரு வாட்டி செக் பண்ணிடறேன். திறக்கறதுக்கு முன்னாடி மூடியைப் பாக்கணும்னு விதி, குடுங்க" என்றேன். பெட்டியைத் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் மூடியைப் பரிசோதிக்க வேண்டும். அதில் கறையோ பொட்டோ இருந்தால் பெட்டியில் கை வைக்கக் கூடாது, வாரண்டி ரத்து. சார் காலத்தில் வந்த விதி, இன்னும் அப்படியே இருக்கிறது. மேடம் மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்த மூடியைக் கொண்டு வந்தார்.

"பூஜை ரூம் பக்கமே கொண்டு போகக் கூடாதுன்னு ஆர்டர். கண்ணு மாதிரி வச்சிருக்கேன்."

ஆமாம், இந்த வீட்டுக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. சுத்தம் என்று சொல்லி, அம்மாவுக்குப் பக்கத்திலிருந்த டீப்பாயில் வைத்தேன்.

பெட்டியை அணைத்ததும் சாரின் கண்கள் மட்டும் மிஞ்சின. அம்மா அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிப்பைத் தூக்கி, சூட்டைக் கடத்துகிற பழைய பசையைத் துடைத்து, புதுசு தடவி, மறுபடி உட்கார வைத்தேன். ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் பொறித்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் டக்கென்று சத்தம் போடும் வரை முறுக்க வேண்டும். ஒன்று, டக். இரண்டு, டக். மூன்றாவதைப் பாதியிலேயே விட்டேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

பெட்டி உயிர் பெற்றபோது புவனா ஆன்ட்டி கொலு முன்னால் பாடிக்கொண்டிருந்தார்.

"போன வருஷமும் இதே பாட்டு. அப்பவும் சுருதி சேரல" என்றது பெட்டி.

எல்லாரும் சிரித்தார்கள். சாருக்குத் தமாஷ் வந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

"சுண்டல்ல உப்பு இல்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து இவ எதுலயும் உப்பு போடல."

"என்னங்க, வந்தவங்க முன்னாடி!" என்று மேடம் செல்லமாக அதட்டினார்.

"அந்த நெக்லஸ் கவரிங்தானே, புவனா? மங்கைதான் சொன்னா. போட்டோ எடுக்கும்போது மட்டும் தங்கம் மாதிரி இருக்குமாம்."

சிரிப்பு நின்றது. புவனா ஆன்ட்டி கைப்பையை எடுத்தார். மேடம் பதறிப்போய்த் தாம்பூலத் தட்டோடு பின்னால் ஓடினார். யாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் குங்குமத்தை இட்டுக்கொண்டு போனார்கள். அந்த வேகத்திலேயே தட்டு என்னிடம் வந்தது. அடுத்து அம்மா. மேடத்தின் கண் அம்மாவின் வெறும் நெற்றியைத் தொட்டது, தட்டு அப்படியே திரும்பி டீப்பாயில் போய் உட்கார்ந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, கைப்பழக்கம். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

"என்னடி ஆச்சு இவருக்கு? சுடர், ஏதாவது பண்ணேன்!"

"ஒரு மூலையில பின் தொடல மேடம், சரி பண்ணிடலாம். அதுக்கு முன்னாடி பேச்சை டெஸ்ட் பண்ணணும். ரெண்டு கேள்வி கேக்கறேன்." நாற்காலிக்கு எதிரில் போய் நின்றேன். "சார், மூடியில பொட்டு இருந்தா வாரண்டி கிடையாதுங்கற விதி யார் எழுதினது?"

"நான்தான். நல்லா எழுதினேன்." சாரின் கண்கள் விரிந்தன. தன் குரலே தன்னைத் தாண்டிப் போவதை அப்போதுதான் உணர்ந்தார் போலிருக்கிறது. "பின்னெல்லாம் சூட்டுல படுக்குதுன்னு ரிப்போர்ட் வந்திடுச்சு. வித்ததை எல்லாம் திரும்ப வாங்கினா கம்பெனியை மூடணும். வாங்கினவன் மேலயே பழி போடறதுக்கு ஒரு காரணம் வேணும். எல்லா வீட்லயும் இருக்கற காரணமா இருக்கணும். எங்கம்மா மிக்ஸிக்குப் பொட்டு வைப்பாங்க. அது ஞாபகம் வந்துச்சு. இந்த ஊர்ல எந்த வீட்ல வைக்காம இருக்காங்க? ஆயுதபூஜை முடியட்டும்னு காத்திருந்துட்டு, மறுநாள் விதியைப் போட்டேன்."

"மூடி பீரோவுல இருக்கு. குங்குமம் எப்படி சார் பின்னுக்குள்ள போச்சு?"

"நாமதானே போட்டோம். மூடியை மாட்டித்தான் அனுப்பணும்னு சொல்லிட்டோம்ல? வண்டியில குலுங்கற குலுங்கல்ல உள்ள உதிரும். பொட்டால எந்தப் பின்னும் கெடாது. ஒண்ணுகூடக் கெடல."

மங்கை மேடம் அசையாமல் நின்றார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இதற்காகத்தானே இத்தனை நாள். அழுவாள் என்று நினைத்தேன். முகம் வெறுமையாக இருந்தது. பெட்டி தானாகவே அவளிடம் பேசியது.

"உங்களை வாசல்லயே அடையாளம் தெரிஞ்சுது. தெரியாத மாதிரி இருந்துட்டேன். அன்னைக்கு நீங்க அழல. அழுது கத்தறவங்களுக்கெல்லாம் தனியாக் கூப்பிட்டு ஒரு பழைய பெட்டி குடுத்து அனுப்புவோம், வெளிய போய்ப் பேசக் கூடாதுன்னு. நீங்க தப்பு பண்ணிட்டேன்னு கும்பிட்டீங்க. தப்பை ஒத்துக்கிட்ட ஆளுக்கு எதுக்குப் பெட்டின்னு விட்டுட்டேன்."

பெட்டியின் குரல் உடைந்தது. "பயமா இருக்கு மங்கை. நிறுத்தச் சொல்லு. நினைக்கறதெல்லாம் வெளிய வருது. நினைக்காம இருக்க முடியல. பையன் கிட்டச் சொல்லாதது எல்லாம் வந்துடும். உன் கிட்டச் சொல்லாததும்."

மேடம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவர் பண்ணது பாவம்தான். நான் மன்னிப்பு கேக்கறேன், கால்ல வேணா விழறேன். இவரோட நான் இந்த வீட்ல குடித்தனம் பண்ணணுமேம்மா. எனக்காகச் சரி பண்ணிடு."

உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் மனசு இளகிவிட்டது. வந்த வேலை முடிந்தது. அரைச் சுற்று முறுக்கினால் போதும், ஒரு டக். இந்தப் பெண்மணி எத்தனை காபி கொடுத்திருக்கிறார். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"சுடர்" என்றாள் அம்மா. "மூடியைப் பாக்காமத் திறக்கலாமா? விதி இருக்குன்னு சொன்னியே."

"இப்பத்தானேம்மா பாத்தேன்."

"ஒவ்வொரு வாட்டியும் பாக்கணும்ல."

டீப்பாயிலிருந்து மூடியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். கறுப்பு பிளாஸ்டிக்கின் நட்டநடுவில், அழுத்தி வைத்த ஒரு குங்குமப் பொட்டு. பக்கத்தில் தாம்பூலத் தட்டில் சிமிழ் திறந்திருந்தது. எத்தனையோ வருஷமாகக் குங்குமத்தைத் தொடாத கை அது. மோதிர விரலின் நுனி சிவந்திருந்தது.

"பொட்டு இருக்கேடி" என்றாள் அம்மா, ரொம்பச் சாதாரணமாக. "வாரண்டி கிடையாதுன்னு சொல்லு."

"சுத்தமாத்தானே இருந்தது! நீயே பாத்தியே!" மேடம் மூடியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தம்மாதான் வச்சாங்க. நான் பாத்தேன்" என்றது பெட்டி. அது பொய் சொல்லாது என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முறுக்கியிருப்பேன். எனக்குத் தெரிந்த அந்தக் குழைவான குரலைத் தேடி எடுத்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். மெஷினுக்குப் பொட்டு வைக்கலாமா?"

நாங்கள் படியிறங்கும்போதும் பெட்டி பேசிக்கொண்டிருந்தது. மங்கை, அந்தக் கதவைச் சாத்து என்றது. அப்புறம் ஏதோ ஒரு பெண்ணின் பெயர். மேடம் "யாரது?" என்று கேட்டது காதில் விழுந்தது.

ஆட்டோவில் அம்மா மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டு வந்தாள். விரலைத் துடைக்கவில்லை. திருமங்கலம் சிக்னல் தாண்டும்போது, என் பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை அதன் கைப்பிடியில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பத்திரமாகப் பையில் திரும்ப வைத்தாள்.

"இன்னைக்கு ஆயுதபூஜையாச்சே" என்றாள்.